ஒப்புக்குச் சப்பாணிகளா நம் பிள்ளைகள்?

(நமது ஜமாஅத்தின் மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் கிராஅத் ஓதிய பிள்ளைகளையும், பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற பிள்ளைகளையும் கண்டு நாம் அனைவரும் மகிழ்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இம்மேடைக்கு வராத பிள்ளைகளைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். நம் மஹல்லாவில் அறிவுசார் குறைபாடுடைய சிறு பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றனர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் யாரோடு விளையாடுகின்றனர் என்று கேட்டால் மட்டும் நம்மிடம் விடை இல்லை.

முதலில் நம்முடைய பிழையைக் கூறிவிடுகிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் ஆறு வயது மகனை மதரஸாவுக்கு அழைத்து வந்தார். அவனுக்குப் பேச்சு சரியாக வராது. சொல்வதைப் புரிந்துகொள்ள நேரமாகும். "ஹஜ்ரத், அவன் ஓதாவிட்டாலும் பரவாயில்லை. மற்றப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரட்டுமே" என்று அத்தாய் கேட்டார். சேர்த்துக்கொண்டோம். ஒரு வாரம் கழிந்தது. அவன் வகுப்பில் எழுந்து ஓடினான். பிள்ளைகளின் தொப்பிகளைப் பறித்தான். அவனுடைய தந்தையை அழைத்து, "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அவனுக்கும் சிரமம், நமக்கும் சிரமம்" என்றோம். அவர் தலையைக் குனிந்தபடி அழைத்துச் சென்றார். ஜமாஅத்தில் ஒருவரும் அதுபற்றி நம்மிடம் கேட்கவில்லை.

சில மாதங்கள் சென்றபின், ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து அத்தெரு வழியே சென்றோம். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். அச்சிறுவன் வீட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பந்து அவ்வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் கைதட்டினான். ஒருமுறை பந்து சன்னல் வழியே உள்ளே விழுந்துவிட்டது. அவன் அதை எடுத்துக் கம்பிகளுக்கிடையே நீட்டினான். ஒரு பையன் ஓடி வந்து வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினான். "நீயும் வா" என்று அவனை எவரும் அழைக்கவில்லை. பந்தை வாங்கிச் சென்ற அப்பையன் நம் மதரஸா மாணவன். முந்திய ஆண்டு விழாவில் நல்லொழுக்கத்திற்கான பரிசை நம் கையாலேயே பெற்றவன். அவன்மீது குற்றமில்லை. அவனுக்கு ஒழுக்கம் கற்பித்தவர்கள் நாம். கற்பித்ததில் இது விடுபட்டுப் போயிற்று.

மறுநாள் அவ்வீட்டுக்குச் சென்று பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டோம். அன்று தொடங்கி நாம் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இது எவருடைய குற்றமுமன்று

முன்பு 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று கூறப்பட்ட நிலையை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 'அறிவுசார் குறைபாடு' என்று குறிப்பிடுகிறது. கற்றல், சிந்தித்தல், சிக்கல்களுக்குத் தீர்வு காணல் ஆகியவற்றிலும், அன்றாட வாழ்வுக்குரிய பழக்கங்களிலும் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாதிருப்பதே இதன் பொருள். இது மனநோய் அன்று. தொற்றும் நோயும் அன்று.

காரணங்கள் பல. டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் குழந்தைகளின் உயிரணுக்களில் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதை 1959-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஜெரோம் லெஜுன் முதலானோர் வெளியிட்டனர். பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு போதாமை, சிறுவயதில் தாக்கும் மூளைக்காய்ச்சல், கருவுற்ற தாய்க்குக் கடுமையான அயோடின் குறைவு ஆகியனவும் காரணங்களாகலாம். காரணம் கண்டறிய இயலாத பிள்ளைகளும் உண்டு. தாயின் பாவம், கண்ணேறு, கிரகணத்தன்று வெளியே வந்தது என்றெல்லாம் பேசி ஏற்கெனவே சுமை தாங்கும் தாயின் தலையில் பழியையும் ஏற்றாதீர்கள்.

இப்பிள்ளைகள் ஏன் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றனர்? நாம் சென்ற வீடொன்றில் காரணத்தை ஒளிக்காமல் கூறினர். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேச வேண்டும். தம்பியை வெளியே காட்டினால் வருகிற மாப்பிள்ளை வீட்டார் திரும்பிவிடுவர் என்று அஞ்சினர். அவ்வச்சத்தை அவர்களுக்கு ஊட்டியவர்கள் யார்? பெண் பார்க்கச் செல்லும் நாம்தான். ஆதலால் அப்பிள்ளையின் கதவைத் திறக்கும் பொறுப்பும் நம்முடையதே.

விளையாட்டு வீண்பொழுது அன்று

"ஓதவே வராத பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். சிறு குழந்தைக்கு முதல் பாடசாலை விளையாட்டுதான். தன் முறை வரும்வரை காத்திருத்தல், பிறர் முகத்தைப் பார்த்து மகிழ்ச்சியையும் சினத்தையும் அறிதல், கேட்டு வாங்குதல், கொடுத்தல், தோல்வியைத் தாங்குதல் ஆகியவற்றைப் பிற குழந்தைகளோடு விளையாடித்தான் எல்லாக் குழந்தைகளும் கற்கின்றனர். அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைக்கு இவற்றைக் கற்கக் கூடுதலான வாய்ப்புகள் வேண்டும். நாமோ எல்லோருக்கும் கிடைக்கும் வாய்ப்பையும் அவனுக்கு அடைத்துவிடுகிறோம். பிறகு, "அவனுக்குப் பழகத் தெரியவில்லை" என்கிறோம்.

1989-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாடுவதைக் குழந்தையின் உரிமை என்கிறது. 2006-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, மாற்றுத்திறனுடைய குழந்தைகளும் ஏனைய குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்கு பெற வழி செய்ய வேண்டும் என்கிறது. இந்தியா இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்ட நாடு.

இதற்கு முன்மாதிரி வேண்டுவோர் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பார்க்கட்டும். இளம் வயதிலிருந்த ஆயிஷா (ரலி) அவர்கள் தோழியரோடு பொம்மைகள் வைத்து விளையாடுகையில் நபியவர்கள் உள்ளே வந்தால், அத்தோழியர் கூச்சத்தால் ஒதுங்கிக்கொள்வர். நபியவர்கள் அச்சிறுமியரை மீண்டும் விளையாட அனுப்பி வைப்பார்கள். விளையாட்டுத் தோழர்களை அனுப்பி வைப்பதும் பெரியவர்களின் வேலைதான் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம். அறிவில் சிறிது பாதிப்புடைய ஒரு பெண்மணி தமக்கு ஒரு தேவை இருப்பதாகக் கூறியபோது, எந்தத் தெருவில் நின்று பேச விரும்பினாலும் வருவதாகக் கூறி, அவர் பேசி முடிக்கும்வரை நபியவர்கள் உடன் நின்றதாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு உண்டு. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பரிதாபத்தோடு ஓரமாக அமர்த்தி வைக்கவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பை வழங்கினார்கள். ஊரே அவருடைய குரலை எதிர்பார்த்திருந்தது.

சேர்ப்பதும் சேர்ப்பதுபோல் காட்டுவதும்

நம் தெருப்பிள்ளைகளிடையே ஒரு வழக்கு உண்டு. ஆட்டத்தில் சேர்க்கச் சொல்லிச் சின்னத் தம்பி அழுதால், அவனை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வர். அவனும் ஓடுவான், ஆனால் எவரும் அவனைத் துரத்தமாட்டார். அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை. அவன் தொட்டாலும் அவுட் இல்லை. சப்பாணி என்பது நடக்க இயலாதவரைக் குறிக்கும் சொல். அச்சொல்லைக் கணக்கில் வராதவனுக்குப் பெயராக நாம் வைத்திருக்கிறோம் என்பதே சிந்திக்கத்தக்கது.

சின்னத் தம்பிக்கு இது ஓராண்டு ஈராண்டுதான். அவன் வளர்ந்ததும் உண்மையான ஆட்டக்காரன் ஆகிவிடுவான். அறிவுசார் குறைபாடுடைய பிள்ளையோ வாழ்நாள் முழுவதும் ஒப்புக்குச் சப்பாணியாகவே வைக்கப்படுகிறான். கல்யாண வீட்டில் அழைத்து மூலையில் அமர்த்துகிறோம். பெருநாளன்று தலையைத் தடவிப் பத்து ரூபாய் கொடுக்கிறோம். அவனைச் சேர்த்துக்கொண்டோம் என்று மனநிறைவும் அடைகிறோம். அவனுக்கு வேண்டியது கணக்கில் வரும் ஒரு முறை. விதிகளை அவனுக்கேற்பச் சற்று மாற்றலாம். மாற்றிய பின் அவ்விதி அவனுக்கும் செல்ல வேண்டும்.

1962-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்னும் பெண்மணி, அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைகளுக்காகத் தம் வீட்டுத் தோட்டத்திலேயே கோடை விளையாட்டு முகாம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய மூத்த சகோதரி ரோஸ்மேரிக்கு அக்குறைபாடு இருந்தது. அத்தோட்டத்து விளையாட்டே வளர்ந்து, 1968-இல் சிகாகோ நகரில் முதலாவது சிறப்பு ஒலிம்பிக் போட்டியாயிற்று. அவ்வமைப்பு 2 வயது முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்று தனியே ஒரு விளையாட்டுத் திட்டம் வைத்திருக்கிறது. குறைபாடுள்ள குழந்தைகளும் இல்லாத குழந்தைகளும் சேர்ந்தே நடத்தல், ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், உதைத்தல் ஆகியவற்றைப் பழகுகின்றனர். 2019 மார்ச்சில் அவ்வமைப்பின் உலகப் போட்டிகள் அபூதாபியில் நடைபெற்றன. ஏறத்தாழ 190 நாடுகளிலிருந்து 7,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் பங்கேற்றனர். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பிழைப்புக்காகச் சென்ற மண் அது. அங்கே ஓடிப் பதக்கம் வாங்கியவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒரு தாயின் கையைப் பிடித்து நின்ற பிள்ளைகள்தாம்.

நம் மதரஸா முற்றத்தில் செய்தது

வட்டார வள மையத்தில் பணியாற்றும் சிறப்பாசிரியை ஒருவரிடம் யோசனை கேட்டோம். அவர் கூறியபடி, அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே அரை மணி நேரத்தைச் சிறு பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று ஒதுக்கினோம். செலவு மிகக் குறைவு. ஒரு பெரிய மென்மையான பந்து, சில பலூன்கள், புளியங்கொட்டை நிரப்பிக் கெட்டியாகத் தைத்த துணிப் பைகள், ஒரு மணல் குவியல், சிவப்புத் துணி ஒன்று, அவ்வளவே. உங்கள் வீட்டு முற்றத்திலும் இதைச் செய்யலாம் என்பதால் முறையை விளக்குகிறோம்.

முதலாவது, ஒரே நேரம், ஒரே வரிசை. அடுத்து என்ன வரும் என்பது தெரிந்தால் இப்பிள்ளைகள் அமைதியாக இருப்பர். தொடங்க ஒரு மணியோசை. முடிவதற்குச் சிறிது முன்னர், முடியப் போவதாக அறிவிக்க ஒரு மணியோசை. திடீரென்று நிறுத்தினால் அழுகையும் பிடிவாதமும் எழும்.

இரண்டாவது, சொல் குறைவு, செய்கை அதிகம். "பந்தை எடு" என்று ஒரே கட்டளை. நாமே செய்து காட்ட வேண்டும். பிறகு மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். நாம் அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் கூறினால், அவன் முதலில் கேட்டதும் குழம்பிவிடும்.

மூன்றாவது, பொருளை மாற்றுதல். சிறிய பந்தைப் பிடிக்க இயலாத பிள்ளை, மெதுவாக இறங்கும் பலூனைப் பிடித்துவிடுவான். பிடித்தபின் பெரிய பந்து. அதன்பின் சிறிய பந்து. பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே அகற்றுங்கள். வாயில் போட்டால் மூச்சடைக்கும்.

நான்காவது, சிறு குழு. நான்கைந்து பிள்ளைகள் போதும். அவனுக்குத் துணையாக ஒரு பிள்ளையை நிறுத்தினால், நாள்தோறும் ஆளை மாற்றுங்கள். ஒருவனையே நிறுத்தினால் அவன் நண்பனாக இல்லாமல் காவலாளி ஆகிவிடுவான்.

ஐந்தாவது, பக்கத்தில் அமர்ந்து தனித்தனியே விளையாடுவதும் விளையாட்டே. குழந்தை முதலில் தனியே விளையாடும். பிறகு மற்றவர் விளையாடுவதைப் பார்க்கும். பக்கத்தில் அமர்ந்து தன்போக்கில் விளையாடும். அதன்பின்னரே கூடி விளையாடும் என்று மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் ஆய்வாளர் 1932-இல் எழுதினார். ஒரே மணல் குவியலில் இருவர் பேசாமல் வீடு கட்டினால், அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணாதீர்கள். கூச்சல் தாங்காத பிள்ளைக்கு ஓர் ஒதுக்கிடம் கொடுங்கள். அவனே திரும்பி வருவான்.

பாதுகாப்பு பற்றியும் கூற வேண்டும். டவுன் நோய்க்குறியுடைய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருக்கும். சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். மருத்துவரைக் கேளாமல் குட்டிக்கரணம் போடவோ தலைகீழாக நிற்கவோ விடக் கூடாது. வலிப்பு வரும் பிள்ளைகளும் உண்டு. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை விட்டுவிடுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடிக்கும் பொருள்களை அகற்றுங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பிற பெற்றோர்களின் ஐயம்

"எங்கள் பிள்ளைகள் அவனைப் பார்த்துக் கெட்டுப்போகமாட்டார்களா?" என்று சில பெற்றோர் நம்மிடம் கேட்டனர். கேட்டதில் தவறில்லை. நாம் கண்டதைக் கூறுகிறோம். முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தனர். ஒருவன் அவனைப் போலவே பேசிக் காட்டினான். அவர்களை அதட்டாமல் அமர்த்தி, "உங்களில் சிலர் ஒரு நாளில் ஒரு பக்கம் மனனம் செய்கிறீர்கள், சிலருக்கு ஒரு வாரமாகிறது. அவனுக்கு இன்னும் அதிக நாள் ஆகும். அவ்வளவுதான் வேறுபாடு" என்றோம். பிள்ளைகள் ஏற்றுக்கொண்டனர். அதை ஏற்கப் பெரியவர்களுக்குத்தான் நாளாயிற்று.

'பைத்தியம்', 'லூசு' என்னும் சொற்களை வீட்டில் விளையாட்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். மாற்றுத்திறனாளியைப் பொதுவிடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்திற்கு அஞ்சி நாவை அடக்குவதைவிட, அப்பிள்ளையின் தாய் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி அடக்குவது மேலானது.

மூவரிடம் மூன்று வேண்டுகோள்

அப்பிள்ளைகளின் பெற்றோர்களே, பிள்ளையை வெளியே அழைத்து வாருங்கள். வளர்ச்சியில் ஐயம் தோன்றினால் காலம் கடத்தாமல் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள். செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். மனு எழுதுவதற்கு நம் மதரஸா அலுவலகம் உதவும்.

மற்றப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளையை வாரத்தில் ஒரு நாளேனும் அவ்வீட்டுக்கு விளையாட அனுப்புங்கள். பணமோ துணிமணியோ கொடுத்தனுப்ப வேண்டாம். பிள்ளையை அனுப்பினால் போதும்.

நிர்வாகப் பெருமக்களே, பள்ளிவாசலுக்குப் பின்புறமுள்ள காலியிடத்தைச் சமன்செய்து, சுற்றுவேலியும் கதவும் அமைத்து, நிழலுக்கு ஒரு கொட்டகை போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஓடிவிடும் பழக்கமுள்ள பிள்ளைக்கு மூடிய கதவு மிகவும் இன்றியமையாதது. அவ்விடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானதாக இருக்கட்டும்.

நிறைவாக, சென்ற மாதம் நிகழ்ந்ததைக் கூறி அமர்கிறோம். சன்னலோரம் நின்ற அச்சிறுவனுக்கு இப்போது எட்டு வயது. முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து குலைகுலையாய் முந்திரிக்காய் விளையாடினர். பின்னால் துணி போட்டால் அவன் உணரமாட்டான் என்பதால், அவனுக்கு மட்டும் தோளைத் தொட்டுவிட்டுச் சிவப்புத் துணியைப் போட வேண்டும் என்று பிள்ளைகளே விதி வகுத்திருந்தனர். அன்று துணி போடும் முறை அவனுடையது. ஒருவன் பின்னால் போட்டுவிட்டு ஓடினான். பாதி வட்டத்தில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தான். துரத்தி வந்தவன் முதுகில் தொட்டு, "அவுட்! நீ அவுட்!" என்று கூவினான். அன்று பந்தை வாங்கிக்கொண்டு ஓடிய அதே பையன்தான் அவன். இவன் தேம்பித் தேம்பி அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த முறைக்காக வட்டத்தில் வந்து அமர்ந்தான்.

இரவில் அத்தாய் வாசலில் வந்து நின்றார். பிள்ளையை அழ வைத்ததற்காகக் கோபிக்கப் போகிறாரோ என்று எண்ணினோம். "ஹஜ்ரத், என் பிள்ளை அவுட் ஆகிவிட்டானாமே?" என்றார். ஆம் என்றோம். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. "எட்டு வருஷத்தில் அவன் இன்றைக்குத்தான் அவுட் ஆகியிருக்கிறான்" என்றார்.

அவன் இன்னும் சில சொற்களே பேசுகிறான். ஓதுவதில் அலிஃபும் பேயும் தாண்டவில்லை. ஆனால் தன் முறைக்குக் காத்திருக்கிறான். நண்பர்கள் இருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறான். நம் மஹல்லாவின் ஒவ்வொரு பிள்ளையையும் கணக்கில் கொள்ளும் மனத்தை வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.